ஓடாத கேமராவைத் திறப்பதற்கு முன்

பழைய ஃபிலிம் கேமரா ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுத்து பட்டனை அழுத்திப் பார்ப்பார்கள். சத்தம் வரவில்லையென்றால் "செத்துப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடுவார்கள். நான் பார்த்த கேமராக்களில் பல, எண்ணெய் இறுகியோ பேட்டரி கசிந்தோ வெறுமனே நின்றுபோனவைதான். அவற்றில் சிலவற்றை நிஜமாகவே கொன்றது அந்த ஸ்க்ரூடிரைவர்.

எனக்கு வந்தது மாமாவின் கேமரா. 1970களின் ஜப்பானிய எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியே வரும் காட்சியை ஒரு மிரர் மூலம், நாம் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்கு அனுப்பும் வகை), 50 மி.மீ. லென்ஸோடு தோல் உறைக்குள் கிடந்தது. மாடல் பெயர் இங்கே முக்கியமில்லை. அந்தக் காலத்து எஸ்எல்ஆர் எதை எடுத்தாலும் கோளாறுகள் ஏறக்குறைய இதே வரிசையில்தான் வரும். "பேட்டரி போட்டேன்டா, முள்ளு அசையல. அப்புறம் ஒருநாள் பட்டனும் அமுங்கல. சரி போகட்டும்னு வெச்சுட்டேன்" என்றார் மாமா. இந்த மூன்று வாக்கியத்துக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. அதைப் பிரித்துப் பார்ப்பதில்தான் வேலையே ஆரம்பிக்கிறது.

ஷட்டர், அதாவது ஃபிலிமுக்கு வெளிச்சம் விடும் கதவு, எதனால் ஓடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பென்டக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2, ஒலிம்பஸ் ஓஎம்-1 போன்றவற்றில் ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கில் இயங்குவது. பேட்டரி வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். பேட்டரியே இல்லாமல் எல்லா வேகத்திலும் படம் எடுக்கலாம். கேனன் ஏஇ-1 அப்படியில்லை. 6 வோல்ட் பேட்டரி உள்ளே இல்லாவிட்டால் பட்டன் கல் மாதிரி இருக்கும். பென்டக்ஸ் எம்இ சூப்பர் இரண்டுக்கும் நடுவில்: பேட்டரி தீர்ந்தாலும் 1/125 நொடி வேகமும் பி நிலையும் (பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை) வேலை செய்யும். ஏஇ-1ஐ பேட்டரி இல்லாமல் அழுத்திப் பார்த்துவிட்டுப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டவர்களை எனக்குத் தெரியும். வாங்கியவர்கள் நன்றாக இருக்கட்டும்.

மாமாவுடையது ஸ்பிரிங் வகை. எனவே மீட்டரின் முள் அசையாதது ஒரு கோளாறு, பட்டன் அமுங்காதது வேறொரு கோளாறு.

பட்டன் அமுங்காததற்குக் காரணம் பல நேரங்களில் அற்பமாக இருக்கும். லீவர் பாதி இழுபட்ட நிலையில் நின்றிருக்கலாம். பட்டனைச் சுற்றியுள்ள பூட்டு வளையம் திரும்பியிருக்கலாம். லீவரைக் கடைசிவரை மெதுவாகக் கொண்டுபோய்ப் பாருங்கள். தடை தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒரு பல்சக்கரத்தின் பல் ஒடிந்தால் அதே மாடல் கேமரா இன்னொன்றை வாங்கிப் பிரித்துத்தான் அந்தச் சக்கரத்தை எடுக்க முடியும். செல்ஃப் டைமரைத் தொடவே தொடாதீர்கள். வருடக்கணக்கில் ஓடாத டைமர் நடுவழியில் நின்றால் பல மாடல்களில் ஷட்டரையும் சேர்த்துப் பூட்டிவிடும். சோவியத் காலத்து ஃபெட், ஸோர்க்கி கேமராக்களில் இன்னொரு விதி உண்டு. லீவரையோ குமிழையோ முழுக்கச் சுற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் உள்ளே பொறியமைப்பு கெடும். இது தெரியாமலேயே அந்தக் கேமராக்கள் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

மாமாவின் கேமராவில் லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. மிரர் மேலே ஒட்டிக்கொண்டு நின்றது. படம் எடுக்கும் நொடியில் மிரர் மேலே போய் இடிக்கும் இடத்தில், அதிர்ச்சி தாங்க ஒரு மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டியிருப்பார்கள். அந்த ஃபோம் பசையாக உருகி மிரரைப் பிடித்துக்கொண்டிருந்தது. மிரர் கீழே வராததால் அடுத்த சுற்று தொடங்கவில்லை, பட்டனும் அமுங்கவில்லை. ஒரு மரப்பல்குச்சியின் நுனியால் மிரரின் ஓரச் சட்டத்தை, கண்ணாடிப் பரப்பில் படாமல், மெல்லக் கீழே தள்ளினேன். 'டக்' என்று விழுந்தது. லீவரை இழுத்து அழுத்தினேன். ஓடியது. அடுத்த முறை மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

இந்த மிரரைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கும். இதில் பூச்சு முன்பக்கம். துணியால் துடைத்தால் பூச்சோடு வந்துவிடும். தூசி இருந்தால் ரப்பர் ஊதியால் ஊதினால் போதும். அதற்கு மேலே இருக்கும் ஃபோகஸ் திரை பிளாஸ்டிக். அதில் ஆல்கஹால் பட்டால் கதை முடிந்தது. இரண்டிலும் இருக்கும் அழுக்கு படத்தில் வராது, வியூஃபைண்டரில் நம் கண்ணைத்தான் உறுத்தும். பொறுத்துக்கொள்ளலாம்.

ஷட்டர் ஓடுகிறதென்றால் சரியாக ஓடுகிறது என்று அர்த்தமில்லை. பின்கதவைத் திறந்து, லென்ஸ் இல்லாமல், ஒவ்வொரு வேகமாக வைத்து அழுத்திக் கேட்க வேண்டும். 1 நொடியில் உள்ளே ஒரு சின்னக் கடிகாரம் ஓடுகிற மாதிரி 'ர்ர்ர்' என்ற ஒலி சீராக வரும். அது பாதியில் திணறினாலோ, திரை திறந்தபடியே நின்றுவிட்டாலோ, மெதுவேகங்களைக் கட்டுப்படுத்தும் சக்கரங்களில் எண்ணெய் இறுகியிருக்கிறது. எல்லா வேகத்திலும் மாற்றி மாற்றிப் பல தடவை ஓட்டினால் கொஞ்சம் இளகும். மாமாவின் கேமரா முதலில் 1/2 நொடியில் தூங்கியது. ஓட்ட ஓட்ட விழித்துக்கொண்டது. ஆனால் சில நாள் சும்மா வைத்தால் மறுபடி திணறல். இளகியது தற்காலிகம்தான், நிரந்தரத் தீர்வு பழைய எண்ணெயைக் கழுவி எடுப்பது என்பதற்கு அது அடையாளம்.

வேகத்தை அளக்க இப்போது கையிலேயே கருவி இருக்கிறது. பல போன்களில் ஸ்லோமோஷன் வீடியோ நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும். பின்கதவைத் திறந்து, முன்னால் வெளிச்சம் இருக்கும்படி கேமராவை நிறுத்தி, பின்னாலிருந்து ஷட்டரை வீடியோ எடுத்துவிட்டு, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி எண்ண வேண்டும். 1 நொடிக்கு 240 ஃபிரேம், 1/4க்கு 60, 1/15க்கு 16, 1/30க்கு 8. ஷட்டர் வாசலின் நடுப்புள்ளியில் எத்தனை ஃபிரேம் வெளிச்சம் தெரிகிறது என்பதை மட்டும் எண்ணுங்கள். ஓரங்களைச் சேர்த்து எண்ணினால் திரை நகரும் நேரமும் கணக்கில் ஏறிவிடும். 1/60க்கு மேல் இந்த முறை நம்பத்தக்கதல்ல. ஒரு ஃபிரேமே 4 மில்லி செகண்டுக்கு மேல் என்னும்போது 1/1000ஐ எப்படிப் பிடிக்க முடியும்?

வேகமானவற்றுக்கு வேறு சோதனை. இந்த வகை ஷட்டரில் இரண்டு திரைகள். முதல் திரை ஓடித் திறக்கும், இரண்டாவது துரத்தி வந்து மூடும். உச்ச வேகங்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடுக்கு மட்டும்தான் ஃபிலிமைக் கடந்துபோகும். எண்ணெய் இறுகி முதல் திரையின் வேகம் குறைந்தால் இரண்டாவது வழியிலேயே அதை எட்டிப் பிடித்துவிடும். படத்தின் ஒரு ஓரம் இருண்டுபோகும், அல்லது முழுக்கக் கறுப்பாகும். பின்கதவைத் திறந்து, சூரியன் இல்லாத பக்கத்து வெளிர் வானத்தைப் பார்த்தபடி 1/1000இல் அழுத்துங்கள். கண்ணுக்கு ஒரு கணம் முழுச் செவ்வகமும் ஒரே பிரகாசமாகத் தெரிய வேண்டும். எனக்கு ஒரு பக்கம் மங்கலாகத் தெரிந்தது. 1/500இல் அந்த மங்கல் இல்லை. குறித்துக்கொண்டேன். இதற்கு ஸ்பிரிங்கின் இழுவையைக் கூட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அழுக்கை அப்படியே விட்டுவிட்டு ஸ்பிரிங்கை முறுக்குவது என்பது கோளாறை ஒரு வருடம் தள்ளிப்போடுவது, அவ்வளவுதான்.

துணித்திரை ஷட்டராக இருந்தால் இருட்டறையில் பின்னாலிருந்து பார்த்தபடி முன்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு நட்சத்திரங்கள் தெரிந்தால் திரையில் ஓட்டை. லீவரை இழுத்த நிலையில் ஒரு முறை, இழுக்காத நிலையில் ஒரு முறை என்று இரண்டு திரைகளையும் பார்க்க வேண்டும். மிரர் இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் இந்த ஓட்டை அதிகம். லென்ஸ் மூடியில்லாமல் வெயிலில் வைத்தால் லென்ஸே வெயிலைக் குவித்துத் திரையைச் சுட்டுவிடும்.

இனி அசையாத முள்.

அடிப்பக்க மூடியைத் திறந்ததும் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. ஆல்கலைன் பேட்டரி உள்ளேயே கிடந்து கசிந்தால் வருவது இது. உள்ளிருந்து வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். அதனால்தான் வினிகரோ எலுமிச்சைச் சாறோ வேலை செய்கிறது. பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு, நுரைத்து அடங்கும்வரை தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். ஊற்றக் கூடாது. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, காய்ந்ததும் பென்சில் அழிப்பானால் தகட்டைத் தேய்த்தால் உலோகம் தெரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது இன்னும் பழைய பாதரச பேட்டரியாக இருந்தால் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். அதைக் குப்பையில் போடாமல் மின்கழிவில் சேர்க்க வேண்டும்.

தகடு பளபளத்தும் முள் அசையவில்லையென்றால் அடுத்த சந்தேகம் ஒயர். கசிவு ஒயரின் உறைக்குள்ளேயே ஊர்ந்துபோய் செம்பைக் கறுப்பாக்கிவிடும். வெளியே பார்க்க ஒயர் நன்றாக இருக்கும், உள்ளே மின்சாரம் போகாது. கறுத்த செம்பில் ஈயப்பற்று ஒட்டாது, அதனால் நல்ல செம்பு வரும்வரை வெட்டிவிட்டுப் புது ஒயர் போடுவதே வழி. என் விஷயத்தில் அடித்தகட்டைக் கழற்றியதும் கெட்டுப்போன துண்டு கைக்கெட்டும் இடத்திலேயே இருந்தது. இது மட்டும்தான் நான் ஸ்க்ரூ கழற்றிச் செய்த வேலை. ஜப்பானியக் கேமராக்களின் ஸ்க்ரூ தலை, பார்க்க சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ போலத் தெரிந்தாலும் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டது. அதற்கென்று உள்ள ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் திருகினால் தலை மழுங்கும். மழுங்கிய தலையோடு கேமராவைக் கொண்டுபோனால் பழுதுபார்ப்பவர் முதலில் உங்களைத்தான் பார்ப்பார்.

பிறகு பேட்டரி வாங்குவது. இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஓஎம்-1, மினோல்டா எஸ்ஆர்டி 101 போன்ற அந்தக் காலத்துக் கேமராக்கள் பிஎக்ஸ்625 என்ற பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டவை. அது 1.35 வோல்ட், தீரும்வரை அந்த அளவிலிருந்து நகராது. மீட்டரின் கணக்கே அந்த நிலைத்தன்மையை நம்பித்தான். 1990களில் பாதரச பேட்டரிகள் தடைசெய்யப்பட்டன. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் அதை முடித்துவைத்தது. இன்று அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் 1.5 வோல்ட்டில் தொடங்கி, பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கிக்கொண்டே போகும். வோல்ட் கூடினால் மீட்டர் வெளிச்சம் அதிகமென்று நம்பிவிடும். அதன் பேச்சைக் கேட்டு எடுத்தால் படம் இருண்டு வரும். ஃபிலிமின் வெளிச்ச உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை மாற்றி ஈடுகட்டலாம் என்பார்கள். பிழை எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவு இல்லை என்பதால் அது அரைகுறைத் தீர்வு.

உருப்படியான வழிகள் இரண்டு. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் துத்தநாக-காற்று பேட்டரி ஏறக்குறைய 1.4 வோல்ட் தரும், நிலையாகவும் இருக்கும். அகலம் குறைவு என்பதால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் வேண்டும். ஆனால் மேலுள்ள ஸ்டிக்கரை உரித்த நொடியிலிருந்து அது காய ஆரம்பித்துவிடும், சில வாரங்கள்தான் உயிர். உரித்ததும் உடனே போடாமல் சில நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போட வேண்டும். இன்னொன்று, 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு பேட்டரியை, உள்ளே ஷாட்கி டயோடு வைத்த அடாப்டரில் போடுவது. டயோடு 0.2 வோல்ட் அளவு விழுங்கிவிடும், மிச்சம் 1.35. நான் அடாப்டரைத்தான் தேர்ந்தெடுத்தேன், மாதாமாதம் பேட்டரி வாங்கும் பொறுமை எனக்கில்லை. பென்டக்ஸ் ஸ்பாட்மேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அதன் மீட்டர் பிரிட்ஜ் சர்க்யூட் என்பதால் வோல்ட் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கண்டுகொள்ளாது.

முள் அசைந்தால் மட்டும் போதாது, சரியான இடத்தில் நிற்க வேண்டும். சீராக வெளிச்சம் விழும் ஒரு சுவரைக் கேமராவிலும் ஒரு டிஜிட்டல் கேமராவிலும் ஒரே ஐஎஸ்ஓவில் அளந்து பாருங்கள். வெயிலிலும் நிழலிலும் அறைக்குள்ளும் செய்ய வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் ஐஎஸ்ஓ டயலில் சரிக்கட்டிவிடலாம். ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொன்று என்றால் அந்த மீட்டரை மறந்துவிடுங்கள். நல்ல வெயிலில் அப்பர்ச்சரை (லென்ஸின் துவார அளவை) எஃப் 16இல் வைத்து, ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு அருகிலுள்ள வேகத்தை வையுங்கள்: 400 ஃபிலிமுக்கு 1/500. மேகம் வந்தால் துவாரத்தை ஒரு படி கூடுதலாகத் திறந்துகொள்ளுங்கள், நிழலுக்குள் போனால் இன்னும் இரண்டு. மீட்டரே இல்லாத கேமராக்களில் ஒரு தலைமுறை இப்படித்தான் படம் எடுத்தது.

எனக்கு அதிக நேரம் பிடித்ததும், பலனைக் கண்ணால் பார்த்ததும் லைட் சீல் வேலையில்தான். பின்கதவு மூடும் பள்ளங்களிலும் கீல் பக்கத்திலும் வெளிச்சம் நுழையாமலிருக்க வைத்த பாலியூரிதேன் ஃபோம், வயதாலும் ஈரப்பதத்தாலும் சிதைந்து கறுப்புத் தாராகிவிடும். தொட்டால் விரலில் ஒட்டும், விரலிலிருந்து எல்லா இடத்திலும் ஒட்டும். கேமரா கெட்டாலும் கெடாவிட்டாலும் இந்த ஃபோம் கெட்டிருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம்.

சுரண்டுவதற்கு உலோகம் கூடாது. மரப்பல்குச்சியின் நுனியை உளி மாதிரி சாய்வாகச் சீவிக்கொண்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பள்ளத்தை மெல்ல உழுதுகொண்டே போக வேண்டும். முக்கியமான விஷயம், கேமராவைத் திறந்த பக்கம் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வேலை செய்வது. கழுத்து வலிக்கும். ஆனால் தார்த்துணுக்குகள் ஷட்டர் திரைமேல் விழாமல் கீழே விழும். திரையில் ஒட்டிய துணுக்கு ஷட்டருக்குள் சுருட்டிக்கொண்டு போனால் இதுவரை இல்லாத புதுக் கோளாறு ஒன்று கிடைக்கும். அழுத்தக் காற்று டப்பாவைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். அந்த வேகத்தில் திரை பிதுங்கிவிடும்.

பள்ளம் சுத்தமாகிக் காய்ந்ததும் புது ஃபோம். பெரும்பாலான பள்ளங்களுக்கு 1.5 முதல் 2 மி.மீ. தடிமன் சரியாக இருக்கும். ஒரு பக்கம் பசையுள்ள தாளாகக் கிடைக்கிறது. கூர்மையான பிளேடும் உலோக அடிமட்டமும் வைத்து மெல்லிய பட்டைகளாக வெட்ட வேண்டும். பசைப் பக்கத்தைத் தண்ணீரால் லேசாக ஈரமாக்கிக்கொண்டால் உடனே ஒட்டாது. பள்ளத்தில் நகர்த்தி நேராக்க அவகாசம் கிடைக்கும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். ஃபோம் கிடைக்காவிட்டால் பள்ளங்களில் கறுப்புக் கம்பளி நூலைப் பதிக்கலாம். நூல் தாராக மாறாது என்பதால், இன்னொரு முறை செய்யும்போது நான் நூலைத்தான் வைப்பேன். கீல் பக்கத்துக்கு வெல்வெட் துணிப்பட்டை நல்லது. வேலை முடிந்து கதவை மூடும்போது வழக்கத்தைவிட அழுத்த வேண்டியிருந்தால் தடிமன் அதிகம். விட்டுவைத்தால் கதவின் கொக்கி நாளடைவில் தளரும்.

மிரரின் ஃபோமுக்கும் இதே முறைதான், ஒரு எச்சரிக்கையோடு. இங்கே பழைய பட்டையின் தடிமனை அளந்து அதே அளவு, அதே மென்மை உள்ளதை வைக்க வேண்டும். தடித்ததை வைத்தால் மிரர் முழுக்க மேலே போகாமல் நிற்கும், படத்தின் ஓரத்தில் அதன் நிழல் விழும். சுரண்டும்போது ஃபோகஸ் திரைக்குக் குறுக்கே ஒரு காகிதத் துண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வியூஃபைண்டரில் கீழ்ப்பகுதியில் ஒரு கறை இருந்தது, எங்கே துடைத்தும் போகவில்லை. சில மாடல்களில், வியூஃபைண்டரின் கண்ணாடிப் பட்டகமான ப்ரிஸத்தின்மேல் ஒரு ஃபோம் வைத்திருப்பார்கள். அது உருகி ப்ரிஸத்தின் வெள்ளிப் பூச்சையே தின்றுவிடும். பின்னால் ஒரு பழுதுபார்க்கும் பெரியவரிடம் காட்டியபோது, "ஃபோமை எடுத்துடலாம் தம்பி, போன வெள்ளி திரும்பாது. வேற ப்ரிஸம் கெடைச்சா மாத்தலாம். படத்துல வராது, விட்டுடுங்களேன்" என்றார். விட்டுவிட்டேன்.

லென்ஸ் விஷயத்தில் பயம்தான் அதிகம், வேலை குறைவு. பின்பக்கமிருந்து டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் எல்லாம் தெரியும். தூசித்துகள்கள் எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை. சிலந்தி நூல் மாதிரி கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. அது வெளியேற்றும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரிக்கும், துடைத்தாலும் தடம் நிற்கும். ஓரத்தில் கொஞ்சம் என்றால் படத்தில் ஒன்றும் தெரியாது. நடுவில் பனிமூட்டம் போலப் படர்ந்திருந்தால் நிறங்கள் வெளிறும். பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டியதுதான். எஸ்எல்ஆர் லென்ஸில் கட்டாயம் பார்க்க வேண்டியது அப்பர்ச்சர் தகடுகள். எஃப் 16 வைத்து, பின்னால் உள்ள நெம்பை விரலால் தள்ளிவிட்டால் தகடுகள் சட்டென்று மூட வேண்டும். சோம்பலாக மூடினால் தகட்டில் எண்ணெய். ஷட்டர் திறக்கும் நேரத்துக்குள் அவை மூடி முடிக்காது, படம் வெளிறிப்போகும். மஞ்சளாகத் தெரிகிற லென்ஸைக் கண்டு பதற வேண்டாம். சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 போன்ற சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, வயதாக ஆகப் பழுப்பேறும். புற ஊதா வெளிச்சத்தில் வைத்தால் தெளியும்.

ஃபோகஸ் சரியா என்பதற்கு, ஃபிலிம் ஓடும் தண்டவாளங்களின்மேல் பால்நிறமான ஒட்டு டேப்பை இழுத்து ஒட்டி, ஷட்டரை பியில் திறந்துவைத்து, தொலைதூரக் கட்டடம் ஒன்றைப் பாருங்கள். லென்ஸ் முடிவிலிக் குறியில் இருக்கும்போது டேப்பின்மேல் விழும் தலைகீழ்ப் பிம்பம் கூர்மையாக இருந்தால் போதும். டேப்பை எடுக்கும்போது பசை மிச்சமில்லாமல் எடுங்கள்.

ஃபிளாஷ் உள்ளேயே பொருத்திய சின்னக் கேமராக்களை வீட்டில் திறக்கவே கூடாது என்பது என் கட்சி. அந்த ஃபிளாஷுக்கான கெப்பாசிட்டர் 300 வோல்ட் அளவில் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது இருக்கும்.

இனி ஃபிலிம். முதல் ரோலில் நல்ல படம் எடுக்கலாம் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். அது கேமராவுக்கு வைக்கும் பரீட்சை. காலாவதியான ஃபிலிம் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைப் போடாதீர்கள். படம் கெட்டால் கேமராவா ஃபிலிமா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். புது ஃபிலிம், அதிலும் சாதாரணமான கறுப்பு வெள்ளை அல்லது கலர் நெகட்டிவ் போதும்.

ஃபிலிமின் நாக்கைச் சுருளில் செருகி, கதவை மூடி, திரும்பச் சுற்றும் குமிழை லேசாகத் திருப்பித் தளர்வை எடுங்கள். அடுத்து லீவரை இழுக்கும்போது அந்தக் குமிழ் தானாகச் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. எண்ணிக்கைக் காட்டியை நம்பாதீர்கள். ஃபிலிமே இல்லாவிட்டாலும் பல மாடல்களில் அது பாட்டுக்கு ஏறும்.

நான் ஒரு நோட்டில் ஃபிரேம் எண், வேகம், அப்பர்ச்சர் எழுதிக்கொண்டே போனேன். ஒரே சுவரை, ஒரே வெளிச்சத்தில், 1/1000 எஃப் 8, 1/500 எஃப் 11, 1/250 எஃப் 16 என்று வரிசையாக எடுத்தேன். 200 ஃபிலிமுக்கு வெயிலில் இவை மூன்றும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம்தான், மூன்று நெகட்டிவும் ஒரே அடர்த்தியில் வர வேண்டும். மெதுவேகங்களை நிழலில் இதேபோல். நடுவில் ஒரு ஃபிரேமுக்கு லென்ஸ் மூடியைப் போட்டு, கேமராவை வெயிலில் சில நிமிடம் எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டு, மூடியோடே அழுத்தினேன். அந்த ஃபிரேம் நெகட்டிவில் தெளிந்த வெறுமையாக வர வேண்டும். எங்கே கறுப்பு விழுந்திருக்கிறதோ அங்கே வெளிச்சம் நுழைந்திருக்கிறது.

டெவலப் செய்யக் கொடுக்கும்போது நெகட்டிவைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ஸ்கேன் மட்டும் வாங்கினால் பாதி சாட்சியம் போய்விடும். ஸ்கேனர் ஒவ்வொரு படத்தையும் தானாகவே வெளிச்சம் சரிக்கட்டிவிடும், ஷட்டரின் பிழை அதில் மறைந்துபோகும்.

நெகட்டிவைப் படிக்கும் முறை இது. ரோல் முழுக்க வெறுமையாக வந்தால் ஓரத்தைப் பாருங்கள். நிறுவனம் அச்சடித்த எண்களும் எழுத்துகளும் தெரிந்தால் டெவலப் சரி. ஷட்டர் திறக்கவில்லை அல்லது ஃபிலிம் நகரவேயில்லை. அவையும் தெரியாவிட்டால் டெவலப்பில்தான் தவறு, கேமராவைத் திட்டாதீர்கள். கறுப்புத் தீற்றல் ஃபிலிமின் ஓரத் துளைகள்வரை நீண்டிருந்தால் பின்கதவில் கசிவு. ஃபிரேமின் எல்லைக்குள்ளேயே நின்றால் வெளிச்சம் லென்ஸ் பக்கமிருந்து, திரையின் வழியே வந்திருக்கிறது. ஃபிலிமின் நீளத்துக்கு நேர்க்கோடாகக் கீறல் ஓடினால் அழுத்துத்தகட்டிலோ உருளையிலோ துகள் இருக்கிறது. ஃபிரேம்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி கூடிக் குறைந்து வந்தால் ஃபிலிம் நகர்த்தும் பகுதி வழுக்குகிறது. படங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவரை அதோடு வாழலாம்.

மாமாவின் கேமராவுக்கு வந்த மதிப்பெண்: 1/1000இல் ஒரு ஓரம் இருட்டு, எதிர்பார்த்ததுதான். 1/500இலிருந்து 1/15வரை மூன்று பேர் பார்த்தாலும் குறைசொல்ல முடியாத சீர். 1 நொடி கொஞ்சம் நீளம். மீட்டர் எல்லா வெளிச்சத்திலும் அரைப் படி (ஸ்டாப்) கூடுதலாகக் காட்டியது, ஐஎஸ்ஓ டயலில் சரிசெய்துகொண்டேன். இவ்வளவு சுரண்டியும் படங்களின் இடது ஓரத்தில் ஒரு மெல்லிய செந்நிறப் படலம். பிம்பம் ஃபிலிமில் இடம் வலமாக மாறி விழுவதால், படத்தின் இடது ஓரம் என்பது பின்னாலிருந்து பார்க்கும்போது கேமராவின் வலது முனை, அதாவது கதவின் கீல். அங்கே வைத்த பட்டை ஒரு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தது. வெல்வெட் வைத்ததும் அடுத்த ரோலில் படலம் இல்லை.

அந்த 1/1000க்காகவும் 1 நொடிக்காகவும் பெரியவரிடம் முழுச் சுத்தத்துக்குக் கொடுத்தேன். பழைய எண்ணெயைக் கழுவி, புதிதாகத் துளித்துளியாக எண்ணெயிட்டு, அதன்பின் வேகங்களைக் கருவியில் வைத்துச் சரிபார்த்துத் தந்தார். "ஓவர்ஹால் பண்ணதுனால சும்மா வெச்சிராதீங்க, மாசத்துக்கு ஒருதடவையாவது எல்லா ஸ்பீடையும் ஓட்டுங்க" என்றார். மாமாவிடம் சொன்னபோது அவருக்குச் செலவுக் கணக்குதான் முதலில் தேவைப்பட்டது.

இப்போது அது தோல் உறைக்குள் இல்லை. தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சையை வளர்க்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடும் ஒரு சின்ன ஈரப்பதமானியோடும் வைத்திருக்கிறேன், ஈரப்பதம் 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்கும்படி. ஷட்டரை அழுத்தித் தளர்த்திய நிலையில்தான் வைப்பேன், ஸ்பிரிங் இழுபட்டபடி கிடக்கக் கூடாது. சில நாளைக்குமேல் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரி வெளியே. கே1000 வைத்திருப்பவர்கள் லென்ஸ் மூடியைப் போட மறக்காதீர்கள். அதில் மீட்டருக்கு சுவிட்சே கிடையாது, மூடிதான் சுவிட்ச்.